எறிகாரனும் தோளைத் தொடாத நடுவரும்

போன சனிக்கிழமை மெல்பர்னின் டண்டினொங்கில் மளிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தால், நல்லெண்ணெய் பாட்டிலின் மூடி கழன்று, பக்கத்தில் கிடந்த என் ஆபீஸ் ஷூ இரண்டும் எண்ணெய்க் குளியல் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தன. என்னைத் திட்டக் கிடைத்த நல்ல வாய்ப்பு. மனைவி அதை வீணாக்கவில்லை. நான்தான் காதில் வாங்கவில்லை. தோலும் நல்லெண்ணெயும் சேர்ந்த அந்த வாசனை என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டது.

"ரஜீவன் வாசனை" என்றேன்.

"அந்த எறிகாரரா? அவர் இங்க இருந்தா இப்ப இந்த ஷூவையும் துடைச்சுக் குடுத்திருப்பாரு" என்றாள் மனைவி. அதுவும் உண்மைதான்.

ரஜீவனை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மெல்பர்னில் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் எறிந்த யாழ்ப்பாணத்துப் பையன். நான் அறிந்தவரை அப்படி ஒரே ஒருவன்தான். இதில் எனக்குப் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை. அவனோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் நான் பெருமைப்படுவதை யாரும் இதுவரை தடுத்ததில்லை.

மதுரையிலிருந்து கணினிப் பட்டத்தோடு வந்து இறங்கிய எனக்கு இந்த நாடு முதலில் கொடுத்த வேலை, டண்டினொங்கில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குவது. ரஜீவன் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீட்டைப் பிடித்து இருவரும் தங்கினோம். நான் சமைத்தால் அது கிச்சன், அவன் சமைத்தால் அதே இடம் குசினி. சாப்பாடு ருசியாக இருந்தது குசினி நாட்களில் மட்டும்தான். குழாய் ஒழுகினால் அடைப்பான், முடி வெட்டுவான், கார் பேட்டரி செத்தால் உயிர் கொடுப்பான். எதைக் கேட்டாலும் "ஓம் அண்ணை, பாப்பம்" என்பான். அந்தப் பதில்தான் பின்னாளில் அவனுக்குச் சோறு போட்டது.

ஒரே ஒரு விஷயத்தில் அவன் பிடிவாதக்காரன். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். மெல்பர்ன் கோடையில் தார் ரோடு உருகும் நாளிலும் மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பான். ஒருநாள் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவனைப் பார்த்துவிட்டேன். வலது முழங்கை நேராக இல்லை. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்து, கோணலாகவே ஒட்டிக்கொண்டதாம்.

"நேரா நீளாது அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பள்ளிக்கூடத்தில் அந்தக் கைக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்களாம். அதை எனக்குக்கூட அவன் சொன்னதில்லை. நானும் சத்தியம் செய்து கொடுத்தேன். என்னிடம் இரகசியம் தங்கியது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆட்களின் கிரிக்கெட் இருந்தது. ஆட்டம் பாதி, மட்டன் ரோல்ஸ் மீதி. ரஜீவன் வேகப்பந்து போடுவான். நான் அணியில் இருந்தேன், எந்த இடத்தில் என்று யாருக்கும் தெளிவில்லை. பந்து வராத திசையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நடுவர் தருமு அங்கிள். இலங்கையில் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். உலகத்தில் நேர்கோடு ஒன்றையே நம்பியவர். அதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, உட்கார மடிப்புக் கதிரை, பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணீர். கிரிக்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு: நடுவர் தவறாகக் காட்டிய சைகையை இரத்து செய்ய வேண்டுமானால், இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே போட்டு எதிரெதிர்த் தோள்களைத் தொட வேண்டும். 'நான் சொன்னது பிழை, அழித்துவிடுங்கள்' என்று அர்த்தம். அங்கிள் அதைச் செய்ததே இல்லை.

"இருவது வருசம் நிக்கிறன். ஒருநாள் தோளைத் தொட்டனானோ, கேட்டுப் பார்" என்பார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவரே வாராவாரம் சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு ஞாயிறு ரஜீவன் பந்து போட்டதும் கையைப் பக்கவாட்டில் நீட்டி, "நோபோல்!" என்று கத்தினார். காலைக் கோட்டுக்கு வெளியே வைக்கவில்லையே என்று எல்லோரும் விழித்தோம். "கால் இல்லை. கை. எறியிறான்" என்றார்.

கிரிக்கெட் தெரியாதவர்களுக்கு: பந்து போடும்போது மடங்கிய முழங்கையை நிமிர்த்தினால் அது வீச்சு அல்ல, எறி. குற்றம். ஆனால் எப்போதுமே மடங்கியிருக்கிற, நிமிரவே முடியாத முழங்கை என்றால் குற்றமில்லை. ரஜீவன் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுவது. நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவன் மணிக்கட்டுப் பொத்தானை இன்னும் இறுக்கிக்கொண்டு, "நான் எறியேல்லை அங்கிள்" என்று மட்டும் சொன்னான். அடுத்த பந்துக்கும் நோபால். அதற்கடுத்ததற்கும். புள்ளிகளைக் குறித்துக்கொண்டிருந்தவள் அங்கிளின் ஒரே மகள் கௌசி. அவள் தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு அப்போது காரணம் தெரியாது. மைதானத்தில் என்ன நடந்தாலும் கடைசியில் தெரிந்துகொள்கிற ஆள் நான்தான்.

கோபத்தில் ரஜீவன் ஒரு காரியம் செய்தான். பந்தை எடுத்து, பலம் கொண்ட மட்டும், மைதானத்துக்கு வெளியே விட்டெறிந்தான். அது எல்லைக்கோட்டைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, பக்கத்து மைதானத்தின் கம்பிவேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அங்கே வெள்ளைக்காரர்கள் ஏதோ தடியும் குல்லாயுமாக விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தொந்திக்காரர் எங்கள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். யார் மண்டையோ உடைந்துவிட்டது என்றே நினைத்தோம். அணி மொத்தமும் ஒரே குரலில் சாரி சொன்னது. யாரோ ஒருவர் ரோல்ஸ் தட்டை நீட்டினார். நான் போலீஸ் வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டே, இதை எறிந்தது யார் என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் புல்லைப் பார்த்தோம். தருமு அங்கிள் மட்டும் நேராகக் கையை நீட்டி ரஜீவனைக் காட்டினார்.

"இவன்தான். எறியிறவன் எண்டு நான் முதலே சொல்லிப்போட்டன்."

வந்தவர் பெயர் டெரி, பேஸ்பால் பயிற்சியாளர். எறிவதையே தொழிலாகக் கொண்ட ஆட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதும், அதில் முழங்கை எப்படி மடங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. ரஜீவன் அந்த வேலியைத் தாண்டிப் போனவன், கிரிக்கெட்டுக்குத் திரும்பவில்லை.

முதலில் உள்ளூர் கிளப். பிறகு கோடைக்காலத் தொழில்முறை அணி. தொழில்முறை என்றதும் மாளிகை, கார் என்று கற்பனை செய்யாதீர்கள். வாரநாட்களில் ஃபோர்க்லிஃப்ட், வாரக்கடைசியில் பிட்சர், அதாவது பந்து எறிகிறவன். பேஸ்பாலில் பிட்சர்களில் பல வகை உண்டு. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர், நடுவில் வந்து தாங்குகிறவர், கடைசியில் வந்து முடித்து வைக்கிறவர். ஒவ்வொருவரும் தன் வேலையைத் தவிர வேறெதையும் தொட மாட்டார்கள். நம் ரஜீவன் மட்டும் கல்யாண வீட்டில் எந்தப் பந்திக்கும் ஓடுகிற ஆள். டெரி எதைக் கேட்டாலும் "ஓம், பாப்பம்" என்பதை ஆங்கிலத்தில் சொல்வான். தலைக்கு மேலிருந்து எறிவான், பக்கவாட்டில் எறிவான், தரையைப் பெருக்குவது போலக் கீழேயிருந்தும் எறிவான். ஒரு முறை, மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சருக்கு வயிற்றுப்போக்கு என்று அந்தக் கவசத்தையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கேட்சரின் வயிற்றுப்போக்குக்கும் முதல்நாள் எங்கள் வீட்டு விருந்துக்கும் தொடர்பு இருந்திருக்கலாம். சமைத்தது நான்.

இங்கே குளிர்காலம் வந்தால் அமெரிக்காவில் கோடை. ஒரு வருடம் அங்கே சோளக்காட்டு நடுவில் ஒரு சின்ன ஊர் அணிக்கும் போய் எறிந்துவிட்டு வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். "சனம் நல்லம் அண்ணை. மிளகாய்த்தூள்தான் இல்லை" என்றான்.

நல்லெண்ணெய்க்கு வருகிறேன். பேஸ்பாலில் பந்து பிடிக்கிற தோல் கையுறை, புதிதில் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். எண்ணெய் போட்டுப் பதப்படுத்த வேண்டும். அதற்கென்று தனி எண்ணெய் விற்கிறார்கள். எங்கள் வீட்டில் இருந்தது தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும். தேங்காயெண்ணெய் மெல்பர்ன் குளிருக்கு உறைந்து மெழுகாகிவிடும். நல்லெண்ணெயை ஊற்றித் தேய் என்று யோசனை சொன்னது நான். கையுறை பஞ்சு மாதிரி ஆனது. ஆனால் பிட்சர் பந்தில் எதையாவது தடவி ஏமாற்றுவது அந்த ஆட்டத்தில் பெரிய குற்றமாம். ஒரு ஆட்டத்தில் எதிரணி புகார் செய்ய, பிட்சர் நின்று எறிகிற மண்மேட்டுக்கே நடுவர் நடந்து வந்து, கையுறையை வாங்கி மூக்கில் வைத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். இன்னொரு நடுவரையும் கூப்பிட்டு முகரச் சொன்னார். இது என்ன என்று கேட்டதற்கு, எங்கள் ஊரில் தோசைக்கு ஊற்றுவது என்று ரஜீவன் விளக்கினான். கையைத் துடைத்துவிட்டு எறியச் சொல்லி விட்டுவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த நடுவர் வந்து, தோசை எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

இதற்கிடையில்தான் கௌசி ஏன் தலையைத் தூக்கவில்லை என்பது எனக்குத் தெரிய வந்தது. ஊர் முழுவதற்கும் தெரிந்த பிறகு. இருவரும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தார்கள். குறுக்கே நின்றது சாதியில்லை, சாதகமில்லை. நோபால்.

"எறிகாரனுக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கிறது? நான் பிழையெண்டு சொன்ன ஒரு கையில அவளைப் பிடிச்சுக் குடுத்தா, சனம் என்ன சொல்லும்? தருமலிங்கம் தோளைத் தொட்டிட்டான் எண்டு சொல்லும்" என்றாராம் அங்கிள்.

கௌசி அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு சலுகை வாங்கினாள்: அப்பா ஒரு தரம் மட்டும் வந்து ரஜீவனின் ஆட்டத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரு முடிவு சொல்வார். அந்த முடிவுதான் முடிவு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை விளக்க என்னை நியமித்தார்கள். இருவரின் வாழ்க்கை யார் கையில் போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

அங்கிள் கதிரை, பிளாஸ்க், வெள்ளைத் தொப்பியோடு வந்து வேலியோரம் அமர்ந்தார். அன்றைக்கு டெரி ரஜீவனைத் தொடக்கத்தில் இறக்கவில்லை. அவன் ஓரத்தில் ஒரு வேலிக்குள் உட்கார்ந்திருந்தான்.

"என்ன, உவன் பன்னிரண்டாவது ஆளோ? தண்ணி குடுக்கவோ வந்தவன்?"

"இல்ல அங்கிள், முக்கியமான ஆளைக் கடைசியாத்தான் எறக்குவாங்க."

"அப்ப இப்ப எறியிறவன் முக்கியமில்லாதவனோ?"

எனக்கும் பேஸ்பால் அரைகுறைதான். தெரியாத இடங்களில் நானே விதிகளைச் செய்து கொடுத்தேன். எங்கள் ஆள் எறிந்த பந்து தவறிப்போய் மட்டைக்காரன் உடம்பில் பட்டபோது, அது நம் பக்கத்துக்கு நல்லது என்று சொல்லி அங்கிளைக் கைதட்ட வைத்தேன். சுற்றியிருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் ரஜீவன் எழுந்திருக்கவே இல்லை. கௌசி தூரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அங்கிளுக்கு அந்த ஆட்டத்தில் பிடித்திருந்தது ஒருவரைத்தான்: கேட்சருக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துகிற நடுவர். "நடுவர் எண்டா உப்பிடி நிக்கோணும். ஒருத்தன் வாய் காட்டுறானோ, பார்" என்று ஏக்கத்தோடு சொன்னார்.

இருட்டத் தொடங்கியபோது, ஆட்டம் இழுபறியில் இருக்க, டெரி ரஜீவனுக்குக் கை காட்டினார். அவன் மேட்டில் ஏறி, ஒரே ஒரு மட்டைக்காரனுக்கு எறிந்தான். மூன்று பந்து. மூன்றிலும் மட்டை காற்றைத்தான் அடித்தது, ஆள் அவுட். கூட்டம் எழுந்து கத்தியது. உடனே டெரி வந்து பந்தை வாங்கிக்கொண்டு அவனை வெளியே அனுப்பிவிட்டார். அடுத்து வருபவன் இடதுகைக்காரன், அவனுக்கு வேறு ஆள்.

"உவ்வளவுதானோ?" என்றார் அங்கிள். எழுந்து கதிரையை மடித்தார். நான் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கார் நிறுத்துமிடத்தில் ரஜீவன் பையோடு வந்து நின்றான். கௌசி அவனுக்குக் கொஞ்சம் தள்ளி. அங்கிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு கேள்விதான். வடிவா யோசிச்சுச் சொல்லும். அண்டைக்கு நீர் எறிஞ்சனீரோ, இல்லையோ?"

ரஜீவன் என்னைப் பார்த்தான். சட்டையைச் சுருட்டினால் போதும், நியாயம் அவன் பக்கம். ஆனால் அந்த மனிதர் இருபது வருடம் கட்டிக் காத்தது அங்கேயே சரிந்துவிடும். அவன் கௌசியைப் பார்த்தான்.

"ஓம் அங்கிள். எறிஞ்சனான்."

நான் வாயைத் திறந்தேன். என் காலை யாரோ மிதித்தார்கள். கௌசிதான்.

அங்கிளின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "அப்ப சரி. எறியிறவன் எண்டு முதல் முதல் கண்டுபிடிச்சது நான். நான் இல்லாட்டி உமக்கு இந்தத் தொழிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாட்டைச் சொல்லி, ஆரும் பெரியாக்களைக் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும்." ரஜீவனின் தாய் ஊரில். எனவே பெரிய ஆளாக நான் போனேன்.

கல்யாண மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஐயர் மாப்பிள்ளையைச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சால்வையைப் போடச் சொல்லும்வரை. ரஜீவன் தயங்கினான். சால்வையை இழுத்து இழுத்து முழங்கையை மூடினான். தாரை வார்க்கிற நேரம் அது நழுவிவிட்டது. மகளின் கையை அவன் கையில் வைத்து, செம்பைச் சரித்த அங்கிள், தண்ணீர் வழிந்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, "கையை நேரா நீட்டும் தம்பி" என்றார்.

"இவ்வளவுதான் நீளும் அங்கிள்."

தண்ணீர் நின்றது. அங்கிள் அந்த முழங்கையைப் பார்த்தார். ஒரு அளவையாளர் பார்க்கிற பார்வை. ஐயர் இரண்டு முறை மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு தண்ணீர் மெதுவாக விழுந்தது. யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை. கவனித்த நானும் சாப்பாட்டுப் பந்தியில் மறந்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு அங்கிள் கிரிக்கெட்டுக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. முழங்கால் வலி என்றார். அதே முழங்காலோடு ரஜீவனின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போனார். கதிரையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஆட்டத்தின் விதிகளை அவர் எனக்கே சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். நான் முன்பு சொன்னவற்றை அவர் குறிப்பிடாதது பெருந்தன்மை.

எறிகிற தோள் காலம் முழுக்க உழைக்காது. ரஜீவனின் தோள் தேய்ந்தபோது அணியும் தேய்ந்திருந்தது. மைதானத்தை விற்கப்போவதாகச் செய்தி வந்தது. கடைசி ஆட்டத்தில் டெரி அவனை முடித்து வைக்க இறக்கினார். முடித்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்து வந்தான்.

அங்கிள் அப்போது மிகவும் தளர்ந்திருந்தார். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே போட்டு, தோள்களைத் தொட்டபடி அசையாமல் நின்றார். காலையில் வியர்வை, மாலையில் நடுக்கம் என்கிற மெல்பர்ன் நாள் அது. பாவம், குளிருகிறது என்று என் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவர் மேல் போர்த்தினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி தன் போர்வையையும் கொடுத்தாள். அவர் இரண்டையும் உதறாமல், கைகளை மட்டும் கீழே இறக்காமல், ரஜீவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரஜீவன் நடந்து வந்தவன் நின்றுவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கோணல் கையை வீசியபடி, எல்லோரும் பார்க்க வந்தான்.

வெயிலில்லாத நேரத்தில் எதற்குக் கையைச் சுருட்டுகிறான் என்று யோசித்தேன். அங்கிளை வீட்டில் விடப் பாதி வழி கார் ஓட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அங்கிள் பின்சீட்டில் என் கம்பளிச் சட்டைக்குள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். கிரிக்கெட் தெரியும் என்று இத்தனை வருடம் பீற்றிக்கொண்டவன்.

அந்த மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். மேடு இருந்த இடத்தில் குப்பைத்தொட்டிகளை வரிசையாக வைக்கிறார்கள். அணி இல்லை. டெரி வடக்கே வெயில் பக்கம் போய்விட்டார். எங்கள் ஞாயிற்றுக் கிரிக்கெட்டும் முட்டிகளோடு சேர்ந்து போய்விட்டது. ரஜீவன் ஊர் மாறி சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கம் இருக்கிறான், அரைக்கைச் சட்டை போடுகிறான். அவன் மகளுக்கு நீச்சல்தான் பிடிக்கிறதாம்.

அங்கிள் காலமான பிறகு அவர் அலுமாரியை ஒதுக்கிய கௌசி எனக்கு ஃபோன் செய்தாள்.

"அண்ணை, அப்பான்ர வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில ஒரு கம்பளிச் சட்டை தொங்குது. தோய்ச்சு, அயர்ன் பண்ணி வச்சிருக்கிறார். அவரின்ர அளவில்லை. ஆரின்ர எண்டு தெரியுமோ?"

"அது அங்கிளோடதுதாம்மா" என்றேன்.